சட்டி சார் சுட்ட நாலு வில்லைகள்

தெய்வ நம்பிக்கை உள்ள மனிதர்களில், விபூதியைக் கண்டால் நாலடி பின்னால் நகர்ந்து நின்றவர் திருவனந்தபுரம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் சட்டி சார். தினமும் விடிந்ததும் கோயிலுக்குப் போவார். நெற்றி நிறையப் பூசிக்கொள்வார். அதே நெற்றியை ஒன்பது மணிக்கு ஆராய்ச்சிக் கூடத்துக் குழாயடியில் நின்று மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். நாலாவது தடவைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். சாயங்காலம் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து, அதற்குள் காத்திருக்கும் பொட்டலத்திலிருந்து மறுபடி பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இடைப்பட்ட எட்டு மணி நேரமும் பார்க்கிறவர்களுக்கு அவர் பழுத்த நாத்திகர்.

சட்டி சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கரமனையில் அவர் குடியிருந்த அக்கிரகாரத் தெருவில், சார் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று ஒருவர் கேட்க, மண்ணைச் சுட்டு ஏதோ சட்டி செய்கிறாராம் என்று இன்னொருவர் சொல்ல, அத்துடன் பெயர் நின்றுவிட்டது. கூடத்தில் டைரக்டரிலிருந்து கேன்டீன்காரர் வரைக்கும் அவருக்கு அதுதான் பெயர். அவர் முகத்துக்கு நேராகக் கூப்பிட்டவர்களும் உண்டு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டியை மட்டமாக நினைப்பவனுக்குச் சட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவருடைய கட்சி.

அவர் சுட்டது சட்டி இல்லை. குப்பிகளில் வரும் வெள்ளைப் பொடிகளை நிறுத்துக் கலந்து, தண்ணீர் விட்டு ஒரு நாள் முழுக்க உருட்டி, காயவைத்து, உலையில் வறுத்து, திரும்ப அரைத்து, எஃகு அச்சில் வைத்து அழுத்தினால் கேரம் காய் அளவுக்கு ஒரு தடித்த வில்லை வரும். செம்பு உருகி ஓடுகிற சூட்டுக்கும் மேலே அதைச் சுட வேண்டும். வெந்து வெளியே வந்தால் கல். நகத்தால் தட்டினால் கோயில் மணி மாதிரி கேட்கும். இவ்வளவு பாடு எதற்கு என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"வானத்துல ஆயிரம் பேர் ஒரே நேரத்துல பேசறான். நமக்கு வேண்டிய ஒருத்தன் குரலை மட்டும் இது பிடிச்சுத் தரும்," என்றார். "டெலிபோன் கோபுரத்துல வைக்கலாம், சாட்டிலைட்டுல வைக்கலாம். ஆனா வெயில்லயும் சுருதி மாறப்படாது, குளிர்லயும் மாறப்படாது. கரமனையில நிக்கற சுருதி பொன்முடி மலையிலயும் நிக்கணும். நிக்க மாட்டேங்கறது ஓய். அதாக்கும் எம்பாடு."

பதினாறு வருடமாக நிற்கவில்லை. ஒரு வில்லைக்குச் சுருதி நின்றால் ஒலி சட்டென்று செத்துவிடும். இன்னொன்றுக்கு ஒலி நீண்டு நின்றால் சூடு ஏற ஏறச் சுருதி ஓடிவிடும். ஓய்வு பெறுவதற்குள் இரண்டும் சேர்ந்து நிற்கிற ஒரே ஒரு பொருளைச் செய்துவிட வேண்டும். அவருக்கு இதைத் தவிர வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். எட்டாம் வகுப்புப் பாதியில் வள்ளியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து இறங்கியவன் நான். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், செங்கல் சூளையில் ஆள், புனேயில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவன். திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியபோது வயது முப்பத்தொன்று. ஒரு மாதம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தேன். மழைக்காலம். அங்கே எந்தத் தூணின் பக்கம் ஒழுகாது என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். ஆராய்ச்சிக் கூடத்தில் உலைக்குக் கூலி ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். போனேன். என் படிப்பைப் பற்றிச் சார் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சூளையில நின்னவராமே. நெருப்போட நிறத்தை வெச்சு சூடு சொல்லுவீரா? சிவப்புன்னா?"

"பீடி பத்த வைக்கலாம் சார்."

"ஆரஞ்சு?"

"செங்கல் வெந்துட்டு இருக்கு."

"வெள்ளை?"

"மேஸ்திரி ஓடிப் போயிருப்பான் சார்."

"நம்ம உலை வெள்ளையாக்கும்," என்றார். "நாம ஓடப்படாது." அதுதான் எனக்கு நியமன உத்தரவு.

எனக்கு முன்னால் அந்த வேலையில் சுகுமாரன் என்ற உள்ளூர்க்காரர் இருந்தார். குளித்துவிட்டு முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார் என்பது அவர் செய்த குற்றம். பவுடர் உதிர்ந்து பொடியில் விழுந்தால் பொடியின் கதி என்ன ஆவது? மறுநாளே தோட்டத்துக்கு மாற்றல். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் என்னை எச்சரித்தார். "அண்ணாச்சி, நான் பெர்மனென்ட் ஆனதுகொண்டு தோட்டம். நிங்கள் கூலிக்கல்லே? நிங்களுக்கு ரோடு."

சட்டங்கள் அப்படி. கூடத்துக்குள் தனிச் செருப்பு. திங்கட்கிழமை காலையில் நகப் பரிசோதனை. பொட்டு, சந்தனம், விபூதி, பவுடர் எதுவும் கூடாது. முறுக்கு தின்றவன் அரை மணி நேரம் உள்ளே வரக் கூடாது. ஒரு கலவை வைத்த புட்டியை அடுத்த கலவைக்கு எடுக்கும் முன் ஏழு தடவை கழுவ வேண்டும், வாய்விட்டு எண்ணிக்கொண்டே கழுவ வேண்டும். ஐந்தில் தடுமாறினால் மறுபடி ஒன்றிலிருந்து.

சாருடைய வீட்டுக்காரி, மாமி, இதைப் பற்றி என்னிடம் முறையிட்டார். மறந்து வைத்துவிட்டு வந்த நோட்டை எடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "ஆத்துல நான் மடி பார்த்தா, எந்த யுகத்துல இருக்கேன்னு கேக்கறார். அங்க போய் பொடிக்கு மடி பார்க்கறார். நீயே சொல்லு, எங்க ரெண்டு பேர்ல யாருக்குப் பைத்தியம்?" நான் இரண்டு பேர் கையாலும் காப்பி வாங்கிக் குடிக்கிறவன். நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாமிக்குப் பெரிய மனக்குறை ஒன்று இருந்தது. அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த, மாவடு ஊறப் போடுகிற பீங்கான் பரணி. முப்பது வருடமாக உப்பும் காரமும் நின்றும் மேல்பூச்சு கொஞ்சங்கூடப் போகவில்லை என்று ஒரு நாள் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் அதைச் சுத்தியலால் உடைத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு நகம் அளவு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்காகப் பேப்பரில் சுற்றி அதே அலமாரியில் திருப்பி வைத்தார். மாமி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. சார் அதைக் கவனிக்கவே இல்லை. பூச்சு அவ்வளவு நன்றாக இருந்தது.

மகளுக்கு வரன் பார்க்க நாகர்கோவில் போனார்கள். பையன் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். சார் குடித்து முடித்து, கோப்பையை நகத்தால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, "சரியா வேகல்லே, ரெண்டு வருஷம் தாங்காது," என்று சொல்லி, பையனுடைய அப்பாவிடம் கொடுத்து அவரையும் தட்டிப் பார்க்கச் சொன்னாராம். சிங்கப்பூரிலிருந்து வந்த கோப்பைகள் அவை. மகளுக்குக் கல்யாணம் அடுத்த வருடம் வேறு இடத்தில் நடந்தது. அங்கே போகும்போது மாமி சாருக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுக்கும்படி முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்.

இந்த மனிதரிடம் நான் எப்படிக் காலம் தள்ளினேன் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பாத்திரம் கழுவுவது. புனேயில் ஒரு நாளைக்கு எத்தனை தட்டு கழுவினேன் என்று எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் ஓடிப் போயிருப்பேன். முதல் மூன்று மாதம் நான் கழுவி வைத்ததை எல்லாம் சார் வெள்ளைத் தாளால் துடைத்து, லென்ஸ் வைத்துத் தாளைப் பார்த்தார். ஒரு நாள் தாளை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். "உம்ம கை பட்டதை நான் பார்க்க வேண்டாம் ஓய்," என்றார். பெரிய விஞ்ஞானிகள் கழுவியதைக்கூட அவர் பார்ப்பார். என்னுடையதைப் பார்க்க மாட்டார். யாரும் எனக்குக் கொடுத்த பட்டம் அது ஒன்றுதான். அதை நான் என்ன செய்தேன் என்பதுதான் மீதிக் கதை.

கேரளத்தில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது. சார் தன் நோட்டுகளை எல்லாம் வீட்டில் பூஜையில் வைத்துவிட்டுக் கை உடைந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். கூடத்தில் மட்டும் பூஜை கிடையாது. அந்த வருடம் ஆயுத பூஜை அன்று கூடத்தைப் பெருக்க நான் தனியாகப் போயிருந்தேன். லாரியில் கிடந்தவனுக்கு ஆயுத பூஜை விளையாட்டுக் காரியம் இல்லை. ஸ்பேனருக்குப் பொட்டு வைக்காமல் எந்த டிரைவரும் வண்டி எடுக்க மாட்டான். இங்கே உலை, அழுத்துகிற மெஷின், உருட்டுகிற மெஷின் எல்லாம் வெறும் நெற்றியோடு நின்றன. எனக்குச் சோறு போடுகிற சாமான்கள். மனசு கேட்கவில்லை. தம்பானூரில் வாங்கிய விபூதியைக் குழைத்து எல்லாவற்றுக்கும் பட்டை போட்டேன். கடைசியில் பொடி அரைக்கிற சின்னக் குழவிக்கும் மூன்று விரலால் மூன்று கோடு. உருண்டை முனையில் போட்டேன். அதுதான் அதற்கு நெற்றி என்று எனக்குப் பட்டது. கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனேன்.

குழவியைத் துடைக்கவில்லை. அது அகேட் என்கிற கல். சாம்பல் நிறம். அதன் உடம்பிலேயே வெள்ளை வரிகள் ஓடும். என் கோடுகள் எவை, கல்லின் கோடுகள் எவை என்று என் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது.

விஜயதசமி காலை எட்டு மணிக்கு நான் உள்ளே நுழைந்தபோது சார் அரைத்துக்கொண்டிருந்தார். முன்பே வறுத்து வைத்திருந்த புதுக் கலவையை நல்ல நாளில் அரைக்கலாம் என்று ஏழு மணிக்கே வந்துவிட்டார். "வாரும் ஓய். நீர் கழுவி வெச்சது தயாரா இருந்துது, வந்த உடனே ஆரம்பிச்சுட்டேன்," என்றார். அரைத்து முடித்துக் குழவியை என்னிடம் கொடுத்தார். அரைபடாத இடத்தில் என் மூன்றாவது கோட்டின் வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். சுகுமாரனும் ரோஜாச் செடியும், மழையில் ஒழுகுகிற பஸ் ஸ்டாண்டும் கண் முன்னால் வந்தன. வாயை மூடிக்கொண்டு குழவியை ஏழு தடவை கழுவினேன்.

அந்தப் பொடியில் நாலு வில்லைகள் வந்தன. சார் அவற்றை அளந்தார். சுடவைத்து அளந்தார். ஐஸில் வைத்து அளந்தார். மறுநாள் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப அளந்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஓய், நிக்கறது," என்றார். "ரெண்டும் நிக்கறது." என்னைக் கையைப் பிடித்துக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். அன்றுதான் அவர் கை கழுவாமல் சாப்பிட்டதை நான் பார்த்தேன். நான் என் பங்கைத் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அவர் கட்டுரை வந்தது. கூடத்தில் எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். எங்கேயோ ஒரு கம்பெனிக்காரர்கள் கடிதம் எழுதினார்கள். இதே மாதிரி பன்னிரண்டு வில்லைகள் அனுப்ப முடியுமா?

முடியவில்லை. இரண்டு வருடம் முயன்றார். அதே குப்பி, அதே நிறை, அதே சூடு. வந்ததெல்லாம் பழைய மாதிரியே. சார் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். தண்ணீரை மாற்றினார். கரண்ட் ஏறி இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். ஒரு விஜயதசமிக்கு, முதல் தடவை போட்டிருந்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே வந்து அரைத்தார். எட்டு மணிக்கு நான் வந்து வாசலில் நிற்க வேண்டும், அன்றைக்கு நின்ற மாதிரியே. "அன்னிக்கு உமக்கு முகம் வெளுத்திருந்துது. காத்தோட்டம் ஏதாவது மாறியிருக்குமோ?" என்று கேட்டார். நான் நின்றேன். முகத்தை வெளுக்க வைக்கச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

சார் சந்தேகப்படாதது ஒன்றே ஒன்றுதான். நான் கழுவியதை. நானோ பயத்தில் ஏழு தடவைக்குப் பதினான்கு தடவை கழுவினேன். நான் சுத்தமாகக் கழுவக் கழுவ அவர் அந்த நாலு வில்லைகளை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு தடவை விபூதிப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு போனேன். அவருக்குத் தெரியாமல் ஒரு கோடு போட்டுவிட்டால் வில்லை வந்துவிடும். விரலில் தொட்டும்விட்டேன். அப்போது சார் உள்ளே வந்து, "உம்ம கை இருக்கறதாலதான் அந்த ஒரு விஷயத்துல எனக்கு நிம்மதி ஓய்," என்றார். விரலைக் குழாயில் நீட்டினேன்.

கடைசியில் சார் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னால் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை, அந்த முடிவை யாரும் நம்ப வேண்டாம், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. கூடத்தில் உள்ளவர்கள் தடுத்தார்கள். உலகத்தில் பாதிக் கட்டுரைகள் அப்படித்தான், யார் வந்து சோதிக்கப் போகிறார்கள் என்றார்கள். அவர் கேட்கவில்லை. தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். "என் கையோ கண்ணோ எங்கேயோ பொய் சொல்லியிருக்கு. அதை ஊர் நம்பப்படாது," என்றார்.

தபால் பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிட முந்நூறு அடி நடந்தால் போதும். கடிதத்தைப் போட்டேன்.

அந்த வருடம் வந்திருக்க வேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி என்று பின்னால் கேள்விப்பட்டேன். கடிதம் போட்ட அடுத்த வாரம் நான் கிளம்பிவிட்டேன். சொல்லிக்கொள்ளவில்லை. அதுவரை நான் ஊர் மாறியதெல்லாம் வயிற்றுக்காக. அந்த ஒரு தடவை சாப்பாடும் படுக்க இடமும் இருந்தும் ஓடினேன்.

கோவா, ஹூப்ளி, ஓசூர். எட்டு வருடம் கழித்து ஒரு வேலையாகத் திருவனந்தபுரம் வந்தவன், பஸ் ஏறிக் கரமனையில் இறங்கினேன். மாமி கதவைத் திறந்து, அடையாளம் தெரிந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஓய்வு பெற்றிருந்த சார் இளைத்திருந்தார். சாப்பிட்டீரா என்றுதான் முதலில் கேட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது.

"சார், அந்த நாலு வில்லை..."

"பழைய கதை. விடும் ஓய்."

"அதுல விபூதி இருந்துது சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"எந்தக் கோயில் விபூதி?"

"கோயில் இல்ல சார். தம்பானூர்ல கடையில வாங்கினது."

"கடை விபூதி. அப்போ சுண்ணாம்பும் கலந்திருப்பான்." கொஞ்சம் யோசித்தார். "எந்தத் தண்ணியில குழைச்சீர்?"

"குழாத் தண்ணி."

முகத்தைச் சுளித்தார். மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார், குழாய்த் தண்ணீரை மட்டும் மன்னிக்க மாட்டார் என்று தோன்றியது. பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். சாம்பலில் பொட்டாஷ் உண்டு, மணலின் சத்து உண்டு. அந்தச் சூட்டில் உருகிக் கண்ணாடியாகி, துகளுக்கும் துகளுக்கும் நடுவே ஓடி இடுக்கை எல்லாம் அடைத்திருக்கும். "இப்போ எல்லாரும் துளி கண்ணாடி சேர்த்துத்தான் சுடறா. கொரியாவுல ஒருத்தன் எழுதி அஞ்சாறு வருஷம் ஆயிடுத்து," என்றார். மழை பெய்தது என்று சொல்வது போலத்தான் சொன்னார். நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் அதை முதலில் எழுதியவர் இவராக இருந்திருப்பார்.

"ஏன் ஓய் அன்னிக்கே சொல்லல்லே?"

"ரோட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயம் சார்."

"அனுப்பியிருப்பேன்," என்றார். "நிச்சயமா அனுப்பியிருப்பேன். ரெண்டு நாள் கழிச்சு நானே தம்பானூர்ல வந்து தேடியிருப்பேன்."

பிறகு உள்பக்கம் திரும்பி மாமியைக் கூப்பிட்டார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "கேட்டயா, நான் அளந்தது சரியாக்கும். என் கை பொய் சொல்லல்லே."

மாமி நிலைப்படியில் வந்து நின்றார். "எட்டு வருஷமா இதையேதான்பா கேட்டுண்டிருந்தார்," என்றார் என்னிடம். "எங்க தப்பு பண்ணினேன், எங்க தப்பு பண்ணினேன்னு. தூக்கத்துல கூட."

சார் ஒரு நோட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம், காய்ந்திருந்ததா, ஈரமா. ஒவ்வொன்றாக எழுதினார். இனிமேல் அதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்ப முடியாது, சுட்டுப் பார்க்க உலையும் இல்லை. அது அவருக்கும் தெரியும். எழுதி முடித்து இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியை நான் பத்து வருடத்துக்கு முன்பே கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதுமாயிருந்தது.

அன்று ராத்திரி ரயிலில் ஓசூருக்குப் போவதற்கு என் சட்டைப் பையில் டிக்கெட் இருந்தது. போகவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கரமனைக்குப் போவேன். மூன்று வருடம் அந்த ஊரை விட்டு நான் நகரவில்லை, அவர் இருந்தவரைக்கும்.